சாய்வும் வளைவும்

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது என் தங்கை ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, நீயே பாத்துச் சொல்லு, இதுல சந்து இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. அவள் வீட்டுக்கும் மேற்கே இருக்கும் மாடி வீட்டுக்கும் நடுவில் மூன்றடிக்கும் குறைவான சந்து ஒன்று ஓடுகிறது. மழைத் தண்ணீர் போகவும், ஒருக்களித்து நடந்து கொல்லைக்குப் போகவும் அதுதான் வழி. அது தங்களுடையது என்று இரண்டு வீட்டாரும் சொல்லத் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. யாரோ யோசனை சொல்ல, கல்யாணங்களுக்கு ட்ரோன் விடும் பையன் ஒருவனை அழைத்து மேலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் மாடியின் கைப்பிடிச் சுவர் தங்கையின் ஓட்டுக் கூரையின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. "மேலேருந்து பாத்தா உண்மை தெரிஞ்சிடுது பாருங்க" என்று மேற்கு வீட்டுக்காரர் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாராம்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. தெரு வில்லைப் போல் வளைந்திருந்தது. அந்தத் தெரு நூல் பிடித்தாற்போல நேரானது. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது லென்ஸ் சார், ஒரு பட்டன்ல சரியாயிடும்" என்றான். கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினான், தெரு நிமிர்ந்தது. சந்து வரவில்லை. "பர்ஸ்பெக்டிவும் சரி பண்றேன் சார்" என்று படத்தின் நாலு மூலைகளையும் பிடித்து இழுத்தான். வீட்டு மனைகள் சதுரமாயின. அப்போதும் சந்து வரவில்லை.

நமது விமர்சன எழுத்தில் 'திரிபு' என்ற சொல் படும் பாட்டைச் சில வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். ஒரு நாவல் வாழ்க்கையைத் திரித்துவிட்டது என்கிறோம். ஒரு கவிஞனின் பார்வை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதனால் திரிபுடையது என்கிறோம். இரண்டும் ஒரே குற்றம் என்பதுபோல. காமிராவின் சரித்திரத்தில் இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள். தனித்தனி மனிதர்கள், தனித்தனி உபகரணங்களோடு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரித்திரம் தமிழில் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அளவில் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

வளைவிலிருந்து தொடங்கலாம். ஒற்றை வில்லையை வைத்து, அதன் முன்னால் ஒளித்துளை ஒன்றை வைத்தால், சதுரம் ஒன்றின் படம் பீப்பாய்போலப் பக்கங்கள் பிதுங்கி விழும். துளையை வில்லைக்குப் பின்னால் மாற்றினால் பக்கங்கள் உள்வாங்கி இடுப்பு ஒடுங்கிப்போகும். காரணம் எளிமையானது: படத்தின் மையத்தில் ஒரு அளவில் பெரிதாக்கும் லென்ஸ், ஓரத்தில் வேறொரு அளவில் பெரிதாக்குகிறது. ஆகவே மையத்தின் வழியே போகும் கோடு வளையாது; மையத்தை விட்டு விலகிப் போகும் கோடெல்லாம் வளையும். ட்ரோன் படங்களில் அடிவானம் செய்யும் வேடிக்கை இதனால்தான். பிதுங்கும் லென்ஸில் அடிவானம் படத்தின் மேல்பாதியில் விழுந்தால் பூமி பந்துபோல் தெரியும். காமிராவைச் சற்று நிமிர்த்தி அடிவானத்தைக் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவந்தால் அதே பூமி கிண்ணமாகிவிடும். பூமி உருண்டை என்று நிரூபிக்கவும், இல்லை என்று நிரூபிக்கவும் இந்தப் படங்களைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருவருமே நிரூபிப்பது தங்கள் லென்ஸைத்தான்.

1866ல் மூனிக்கில் ஸ்டைன்ஹைலும் லண்டனில் டால்மையரும், ஒருவரையொருவர் சாராமல், ஏறக்குறைய ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு வில்லைத் தொகுதிகளை எதிரும் புதிருமாக வைத்து, நடுவில் துளையை வைத்தார்கள். முன்பாதி இடுப்பை ஒடுக்குகிறது, பின்பாதி பிதுக்குகிறது, கோடு நேராக வெளியே வருகிறது. இரண்டு பாதிகளில் எதுவும் தனியாகத் திருந்தவில்லை. ஒன்றின் பிசகை மற்றதன் பிசகு ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். டால்மையர் தன் லென்ஸுக்கு வைத்த பெயரிலேயே 'நேர்கோடு' இருந்தது. கட்டிடங்களைப் படமெடுப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

நேர்கோட்டின் மேல் இத்தனை பக்தி வருவதற்கு முன்பே அதன் விலை ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது. வாடிகனில் ராஃபேல் 1509லிருந்து 1511க்குள் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்தில், வலது ஓரத்தில் இருவர் கையில் ஆளுக்கொரு கோளம் இருக்கிறது. அந்த ஓவியத்தின் கட்டிடம் முழுக்கக் கறாரான பர்ஸ்பெக்டிவ் விதியில் நிற்கிறது. அதே விதிப்படி ஓரத்தில் வரும் உருண்டை முட்டைபோல் நீள வேண்டும். ராஃபேல் அவற்றை வட்டமாகவே போட்டுவிட்டார். பக்கத்தில் நிற்கும் மனிதர்களின் தலைகளையும் நீட்டவில்லை. கட்டிடத்துக்கு ஒரு நியாயம், மனிதத் தலைக்கு வேறு நியாயம். இன்றைய அகன்ற கோண லென்ஸ்கள், கோடுகளை நேராக்கிய கையோடு, ஓரத்தில் நிற்கும் கல்யாண வீட்டாரின் முகங்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகின்றன. தட்டையான பரப்பில் கோட்டையும் முகத்தையும் ஒருசேரக் காப்பாற்ற வழி கிடையாது. எதைக் காப்பாற்றுவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். ராஃபேல் தானே செய்தார். இப்போது காமிராவை வடிவமைக்கும் தொழிற்சாலை நமக்காகச் செய்துவிடுகிறது, நம்மிடம் சொல்லாமலே.

இனி சாய்வு. இதன் கதை 1858ல் தொடங்குகிறது. ஒரே வருஷம், இரண்டு இடம். பாரிஸுக்கு வெளியே, நாதார் என்ற பெயரில் பிரபலமாயிருந்த துர்னாஷோன், கட்டிவைத்த பலூனில் ஏறிப் பூமியைப் படமெடுத்தார். பலூனிலிருந்து கசிந்த வாயு தகடுகளைக் கெடுத்து அவரைப் பலமுறை ஏமாற்றியது. கடைசியில் கிடைத்த படமும் இன்று நம்மிடம் இல்லை. எஞ்சியிருப்பதில் மிகப் பழைய வான்படம் 1860ல் பாஸ்டன் நகரத்துக்கு மேலே ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்தது.

அதே 1858ல் ஜெர்மனியில், வெட்ஸ்லார் என்ற ஊரின் பெரிய தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தார் இருபத்துநாலு வயதுக் கட்டிடக்கலைஞர் ஒருவர். ஆல்ப்ரெக்ட் மைடன்பௌவர். உயரத்தில் ஒரு ஜன்னலுக்குள் கால் வைக்கப்போய் விழத் தெரிந்தார், மயிரிழையில் பிழைத்தார். உயிரைப் பணயம் வைத்து நாடாவைப் பிடிப்பதற்குப் பதில், கட்டிடத்தின் படத்தை எடுத்து அந்தப் படத்தை அளந்தால் என்ன என்ற யோசனை அந்த விபத்திலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1867ல் இந்தக் கலைக்கு அச்சில் ஒரு பெயர் கிடைத்தது: போட்டோகிராமெட்ரி. 1885ல் பெர்லினில் பிரஷ்ய அரசு இதற்கென ஒரு நிறுவனம் அமைத்து அவரிடம் ஒப்படைத்தது.

மைடன்பௌவரின் மனப்பாங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. படம் சாய்ந்திருக்கிறதே என்று அவர் அங்கலாய்க்கவில்லை. கட்டிடத்தின் பக்கங்கள் தூரத்தில் குறுகி ஒன்றையொன்று நோக்கிப் போகின்றன என்றால், எந்த விகிதத்தில் போகின்றன என்பதிலிருந்து காமிரா எங்கே நின்றது என்று கணக்கிட்டுவிடலாம். நின்ற இடம் தெரிந்தால் கட்டிடத்தின் அளவு தெரியும். அவர் கையில் பர்ஸ்பெக்டிவ் சாட்சியாக வேலை செய்தது. ஆனால் லென்ஸின் வளைவை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது; கோடு வளைந்துவிட்டால் கணக்கே தப்பு. வளைவு லென்ஸ் சொல்லும் பொய். சாய்வு நின்ற இடத்தைப் பற்றிய வாக்குமூலம். இந்தப் பேதத்தை, கத்தி போட்டாற்போல, அவருக்குப் பிறகு வந்தவர்களும் எல்லோரும் கடைப்பிடிக்கவில்லை.

சாய்வையே அழித்துவிட முடியும் என்று காட்டியவர் வியன்னாவில் 1865ல் பிறந்த தியோடர் ஷைம்ப்ஃப்ளுக். ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையில் இருந்தவர், பின்னால் ராணுவத்தின் நிலவியல் நிறுவனத்துக்கு வந்தார். பலூனிலிருந்தும் பட்டத்திலிருந்தும் நிலத்தைப் படமெடுத்து நிலப்படமாக்குவது அவர் லட்சியம். பலூன் ஆடும். காமிரா சரிந்திருக்கும்போது எடுத்த படத்தில் சதுர வயல் பட்டைச்சாய்வாகக் குறுகிவிடும். அதைச் சரிசெய்ய அவர் கண்ட வழி, படத்தை அதே சரிவோடு எதிர்த்திசையில் ஒரு பலகையில் மறுபடி வீழ்த்துவது. அப்படிச் சரிந்த பலகை முழுவதும் தெளிவாக விழவேண்டுமானால், தகட்டின் தளம், லென்ஸின் தளம், பலகையின் தளம் ஆகிய மூன்றையும் நீட்டினால் அவை ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். இன்றைக்கும் புகைப்படக்காரர்கள் அவர் பெயரால் அழைக்கும் விதி இது. அவருக்கு முன்னால் 1901ல் பாரிஸில் கார்ப்பாந்தியே இதைத் தொட்டிருந்தார். ஷைம்ப்ஃப்ளுக் அதை ஒப்புக்கொள்கிறார்.

1904ல் பிரிட்டனில் அவர் வாங்கிய காப்புரிமையின் தலைப்பு விசேஷமானது. தட்டையான படங்களை லென்ஸ்களாலும் கண்ணாடிகளாலும் முறைப்படி மாற்றவும் திரிக்கவும் ஆன வழி என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. சரிசெய்வது என்ற வார்த்தையை அவர் அங்கே பயன்படுத்தவில்லை! தான் செய்வது இரண்டாவது திரிபு, முதல் திரிபுக்கு எதிர்த்திசையில் கணக்குப் பார்த்துச் செய்கிற திரிபு என்பதில் அந்த மனிதருக்குக் குழப்பம் இல்லை. ஒரு நடு லென்ஸைச் சுற்றி ஏழு லென்ஸ்களை வெளிப்பக்கம் பார்க்கச் சாய்த்து வைத்து ஒரு காமிரா செய்தார். எட்டுப் படங்களையும் ஒரே தளத்துக்குத் திருத்திச் சேர்த்தால் பரந்த நிலப்பரப்பு ஒன்று கிடைக்கும். உலகம் முழுவதையும் இப்படிப் படமாக்க வேண்டும் என்று கனவு கண்டார். 1911ல், நாற்பத்தைந்து வயதில், இறந்துபோனார். விமானம் காமிராவைத் தூக்கிக்கொண்டு போரில் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

பையன் நாலு மூலைகளை இழுத்தது ஷைம்ப்ஃப்ளுக்கின் பலகையைத்தான். தட்டையான ஒரு தளத்தை எந்தச் சரிவிலிருந்து பார்த்தாலும், அதில் நாலு புள்ளிகளின் உண்மையான இடம் தெரிந்தால் போதும் (மூன்று ஒரே கோட்டில் இருக்கக் கூடாது), மொத்தத் தளத்தையும் நிமிர்த்திவிடலாம். ரேஷன் கார்டைக் கைபேசியில் படமெடுத்து நேராக்கித் தரும் சாதனமும் இதைத்தான் செய்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: தளம் தட்டையாக இருக்க வேண்டும். ரேஷன் கார்டு தட்டை. ஹங்கேரியச் சமவெளியும் ஏறக்குறையத் தட்டை. என் தங்கையின் தெரு தட்டையில்லை. அதில் மாடி வீடு நிற்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். படத்தோடு பதிவாகியிருந்த விவரப்படி ட்ரோன் அறுபது மீட்டர் உயரத்தில் இருந்தது. வீட்டுக்கு நேர் மேலே தென்னை மரங்கள் இருந்ததால் பையன் மேற்கே நாற்பது மீட்டர் தள்ளிக் குளத்தங்கரைக்கு மேல் நிறுத்தியிருக்கிறான். மாடி வீட்டின் கைப்பிடிச் சுவர் ஏழு மீட்டர் உயரம். ட்ரோனிலிருந்து அந்தச் சுவரின் உச்சியைத் தொட்டுப் போகும் பார்வைக்கோடு, தரையைச் சுவரடியிலிருந்து ஐந்தேகால் மீட்டர் கிழக்கே தள்ளித்தான் தொடும். அதற்குள் இருக்கும் தரை எதையும் காமிரா பார்க்கவில்லை. சந்து ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே சந்தும் போய், தங்கையின் ஓட்டில் ஒரு பங்கும் மறைந்துவிட்டது. காமிராவுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து தள்ளி நிற்கும் உயரமான எதுவும், அந்தப் புள்ளிக்கு எதிர்ப்பக்கமாகப் படத்தில் மல்லாந்து விழும்; உயரம் கூடினால் கூடுதலாக விழும். இதை எந்த லென்ஸும் திருத்த முடியாது, ஏனென்றால் இது லென்ஸ் செய்ததல்ல. மாடி வீட்டின் மேற்குச் சுவர் ஜன்னல்களோடு படத்தில் முழுசாகத் தெரிந்தது. சுவர் தெரிகிற படத்தை நேர் மேலிருந்து எடுத்தது என்று எப்படி ஊரார் ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

வளைவின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஸ்டைன்ஹைலும் டால்மையரும் லென்ஸைத் திருத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி லென்ஸை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிசகைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டால் போதும் என்ற நிலைக்கு வந்தது. வில்லைகள் ஒரே அச்சில் சரியாக உட்காராதபோது வரும் பிசகைப் பற்றி 1919ல் கான்ரடி எழுதினார். 1966லும் 1971லும் அமெரிக்காவில் டுவேன் பிரவுன் அதை வளர்த்து, ஒரு லென்ஸின் கோணலைச் சில எண்களில் அடக்கினார்: பிதுக்கத்துக்குச் சில எண்கள், அச்சுப் பிசகுக்கு இரண்டு எண்கள். இன்றைக்கு ட்ரோன் படங்களை நிலப்படமாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த எண்களைத்தான் தேடுகின்றன. நிலம் அளக்கிறவர்கள் காமிரா தானாகச் செய்யும் திருத்தத்தை நிறுத்திவிட்டு, வளைந்த படத்தையே கேட்கிறார்கள். யாரோ செய்த திருத்தத்தைவிடத் தெரிந்த பிசகு அவர்களுக்கு நம்பகமானது.

அந்த எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரவுன் 1971ல் விவரித்த முறையில், கறுப்புத் திரைக்கு முன்னால் வரிசையாக நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டு கட்டி, படம் எடுக்கிறார்கள். குண்டு தொங்கும் நூல் நேரானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. படத்தில் அது எங்கெல்லாம் வளைகிறதோ அதெல்லாம் லென்ஸின் கணக்கு. நம்மூர்க் கொத்தனார் சட்டைப்பையில் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இதுதான். விண்வெளியையும் ராணுவத்தையும் சுற்றி வளர்ந்த ஒரு கணிதம் தன் நேர்மைக்குக் கடைசிச் சாட்சியாக அதைப் போய்ப் பிடித்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மல்லாந்து விழும் சுவர்களுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. ஒரே படத்தில் இல்லை. அதே நிலத்தை வெவ்வேறு இடங்களில் நின்று பல படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் காலடிக்கே இழுத்துவந்து வைப்பது. 1950களில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் ரஸ்ஸல் பீன் இதற்கு ஓர் இயந்திரம் செய்தார். சிவப்பும் நீலமுமான கண்ணாடி அணிந்த ஒருவர், இரு படங்கள் சேர்ந்து எழுப்பும் மலையையும் பள்ளத்தையும் பார்த்தபடியே, ஒரு சிறு திறப்பின் வழியே பட்டை பட்டையாக, ஏற்றியும் இறக்கியும், ஃபிலிமில் பதியவைப்பார். இப்போது மனிதர் தேவையில்லை, கம்ப்யூட்டர் செய்கிறது. ஆர்த்தோபோட்டோ என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் அதற்கு நேர் மேலிருந்து பார்த்ததுபோல் இருக்கும். அதாவது, புள்ளிக்கு ஒரு கண்.

அப்படிப் பார்க்கும் கண் உலகத்தில் எங்கும் கிடையாது. பறவைக்கும் இல்லை. நம் எதார்த்த நாவல்களில் எல்லார் மனசுக்குள்ளும் ஒரே தூரத்தில் நின்று பார்க்கும் அந்தக் கதைசொல்லியை எனக்கு இது நினைவுபடுத்துகிறது. அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்கவே தோன்றாத அளவுக்குக் கோடுகள் நேராக இருக்கும். ஆர்த்தோபோட்டோவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது உபயோகமான பொருள், அளக்கலாம். ஆனால் உயரமான கட்டிடத்தின் பின்னால் எந்தப் படத்திலும் விழாத தரை இருந்தால், அங்கே ஓட்டை விழும். அல்லது மென்பொருள் அக்கம்பக்கத்து நிறத்தை இழுத்துவந்து நிரப்பும். நிரப்பிய இடத்தை அச்சில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஓட்டையை ஓட்டையாகவே விடுகிறவன் யோக்கியன் என்பது என் கட்சி.

இந்தியாவில் இது வெறும் தத்துவமாக இல்லை. 2020 ஏப்ரல் 24ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகளை இந்திய நில அளவைத் துறை ட்ரோன் கொண்டு படமெடுத்து, அதிலிருந்து வீட்டுச் சொத்துக்கு அட்டை வழங்க ஏற்பாடு. பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரின் எல்லையையும் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போடுகிறார்கள், வானத்திலிருந்து தெரிவதற்காக. நிலப்படம் வந்த பிறகு ஊராரிடம் காட்டி ஆட்சேபணை கேட்கும் கட்டமும் உண்டு. சுண்ணாம்புக் கோட்டைப் பற்றிப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு அதுதான் முழுத் திட்டத்திலும் விவரமான காரியம் என்று பட்டது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கூரையின் இறவாரம் தெரியும், அதற்கடியில் இரண்டடி உள்ளே தள்ளி நிற்கும் சுவர் தெரியாது. கீழே நிற்பவர்கள் சண்டை போட்டோ சமாதானமாகியோ போட்டுவைத்த கோட்டைத்தான் ட்ரோன் எடுத்துப் போகிறது.

பையனை மறுநாள் காலை மறுபடி வரச் சொன்னேன். தென்னை மட்டைகளுக்கு நடுவே இடம் பார்த்து, சந்துக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினான். வேறொரு படம் வந்தது. அதில் தெரு இன்னமும் வில்லாக வளைந்திருந்தது, மேற்குச் சுவரின் ஜன்னல்கள் காணாமல் போயிருந்தன, இரண்டு கூரைகளுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கீற்று ஓடியது. கீற்றின் பாதி தங்கை வீட்டு இறவாரத்துக்கு அடியில் போயிருந்தது. இதைக் காட்டினால் மேற்கு வீட்டுக்காரர் இறவாரத்தைப் பிடித்துக்கொள்வார் என்று தங்கை சொன்னாள். பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். கீழே போய் நாடா வைத்து அளந்தோம்: தெரு முனையில் இரண்டே முக்கால் அடி, கொல்லை முனையில் இரண்டரை.

எந்தப் படத்தைப் பிரிண்ட் போடட்டும் என்று பையன் கேட்டான். வளைவை நிமிர்த்திவிட்டு இரண்டையும் போடச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ட்ரோன் எங்கே நின்றது என்பதைப் பேனாவால் குறித்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.